பைபாஸில் இருபத்திரண்டு நாட்கள்

வேலூர்,
30.10.2025

ஆல்வினுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. ஒன்பது தடவை போன் செய்தேன். பத்தாவது தடவை என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை அப்படிச் செய்ய முடியாது. ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். கையெழுத்துப் போடுவதுதான் உனக்கு இப்போது சுலபமாக வருகிறதே.

நேற்று எங்கள் யூபிஎஸ் சர்வீஸ் கம்பெனி முதலாளி சுந்தரமூர்த்தி சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு, உங்கள் ஷூ கம்பெனி அனுப்பிய ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார். 23-ம் தேதி காலை கரண்ட் போனதாம். யூபிஎஸ் கைகொடுக்கவில்லையாம். தோல் வெட்டும் கம்ப்யூட்டர் மெஷின் நின்றுபோய், சில நொடியில் கரண்ட் வந்ததும் தானாக நகர்ந்ததில் செண்பகம் என்ற தொழிலாளியின் வலது கை விரல்கள் வெட்டுப்பட்டனவாம். காரணம்? 'செப்டம்பர் 9-ம் தேதி சர்வீஸுக்கு வந்த நிஷா, யூபிஎஸ்ஸை பைபாஸ் மோடில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.' கீழே கையெழுத்து, எலக்ட்ரிக்கல் இன்சார்ஜ் ஆல்வின். என் சொந்தத் தம்பி.

நீயும் டிப்ளமா படித்தவன்தானே? யூபிஎஸ் நார்மல் மோடில் இருந்தால் ஈபி கரண்ட் அதற்குள் நுழைந்து, சுத்தமாகி, பிறகுதான் மெஷினுக்குப் போகும். பேட்டரி பக்கத்திலேயே தயாராக நிற்கும். வெளியே கரண்ட் போனால் பேட்டரி மோடு. மெஷினுக்குக் கரண்ட் போனதே தெரியாது. பைபாஸ் என்றால் ஈபி கரண்ட் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு நேராக மெஷினுக்குப் போகிறது. அப்போது பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் அது வெறும் கனம்தான். பெட்டியைத் திறந்து வேலை பார்க்கிற நேரத்துக்காக மட்டும் வைத்திருக்கும் வழி அது. அதில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவளா நான்? ஒன்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன்.

அன்று நார்மல் மோடில் வைத்து, உன் கண் முன்னால் மெயினை அணைத்து, மெஷின் நிற்காமல் ஓடுவதைக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். சர்வீஸ் ஷீட்டில் பதினெட்டு இடத்தில் டிக் போட்டிருக்கிறேன். பதினெட்டும் சத்தியம்.

இப்போது என்னை சர்வீஸிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருக்கிறார்கள். நவம்பர் 14-க்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போகும். போனால் இந்த ஊரில் எந்த டீலரும் என்னைச் சேர்க்க மாட்டான். ஒரு பெண் சர்வீஸுக்கு வந்ததைப் பார்த்தே முகம் சுளித்தவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். அத்தனை பேரும் இப்போது 'அப்பவே சொன்னோம்' என்பார்கள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யூபிஎஸ் டிஸ்ப்ளேயில் ஈவென்ட் லாக் இருக்கிறது. எந்தத் தேதி, எந்த நேரம், எந்த மோடுக்குப் போனது என்று அதில் வரிசையாகப் பதிந்திருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. இரண்டு நிமிஷ வேலை.

நிஷா

---

மாதனூர்,
3.11.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். "அவ இன்னாத்துக்குடா தபால் போடுறா? போன் இல்லியா?" என்று கேட்டாள். சமாளித்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இதைக் கொண்டுபோகாதே.

ரிப்போர்ட்டை நான் எழுதவில்லை. பெர்சனல் மேனேஜர் ராஜகோபால் சார் டைப் செய்து கொண்டுவந்து நீட்டினார். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். அன்று என் நிலைமை உனக்குத் தெரியாது. என் சட்டையெல்லாம் ரத்தம். இஷ்தியாக் பாய், எங்கள் சூப்பர்வைசர், செண்பகம் அக்காவைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார். நான் கையைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கூட ஓடினேன். நடுவிரல் நுனி போய்விட்டது. ஆள்காட்டி விரலில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், மடங்குமா என்று இன்னும் சொல்லவில்லை. நீ உன் டிக்கைப் பற்றி எழுதுகிறாய்.

எப்போதும் திறந்தே கிடக்கும் யூபிஎஸ் அறையை இப்போது பூட்டிச் சாவியை ராஜகோபால் சார் வைத்திருக்கிறார். உன்னோடு போனில் பேசக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். லாக்கை எல்லாம் நான் எடுக்க முடியாது.

இந்த வேலையை நீ வாங்கிக் கொடுத்தாய் என்பதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அதை எழுதாமல் விட்டதற்கு நன்றி. ஆனால் ஒரு நிமிஷம் யோசி. உனக்கு ஒன்பது வருஷ அனுபவம் இருக்கிறது. வேலூர் இல்லாவிட்டால் சென்னை. எனக்கு இது போனால் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கே போவேன்? உன் கம்பெனி ஒரு மெமோ கொடுத்து விட்டுவிடும். நீதான் ஊதிப் பெரிதாக்குகிறாய்.

யூபிஎஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆயுத பூஜை முடிந்து நானே ஆன் செய்தேன், பச்சை விளக்கு எரிந்தது. அதன் பிறகு என்ன ஆனதோ தெரியாது.

ஆல்வின்

---

வேலூர்,
5.11.2025

ஆல்வின்,

'நானே ஆன் செய்தேன்.'

இந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? நாலு வருஷமாக நிறுத்தாமல் ஓடுகிற யூபிஎஸ் அது. ஆன் செய்தாய் என்றால் அதற்கு முன்னால் யாரோ ஆஃப் செய்திருக்கிறார்கள். யார்? எதற்கு? ஆஃப் செய்தபோது உங்கள் கேமராவும் வருகைப் பதிவு மெஷினும் எப்படி ஓடின? பின்பக்கக் கதவுக்குள் இருக்கும் கைத்திருகு ஸ்விட்சை பைபாஸுக்குத் திருப்பினால்தான் அவை ஓடும். திருப்பினாய் அல்லவா? ஆன் செய்தபோது அதை மறுபடி நார்மலுக்குத் திருப்பினாயா?

பதில் எழுதாதே, எனக்கே தெரிகிறது. பூஜை அக்டோபர் ஒன்றாம் தேதி. விபத்து இருபத்துமூன்றாம் தேதி. இருபத்திரண்டு நாள் அந்த மெஷின் பாதுகாப்பே இல்லாமல் ஓடியிருக்கிறது. அதற்கும் மூன்று வாரம் முன்னால் வந்துபோன என் தலையில் அதைக் கட்டியிருக்கிறாய். உனக்கு எப்படியடா மனசு வந்தது?

இன்னொன்றும் கேட்கிறேன். பச்சை விளக்கு மெயின் கரண்ட் வருகிறது என்பதற்கு. பைபாஸில் இருந்தால் அதற்குக் கீழே ஆரஞ்சு விளக்கு எரியும். கட்டைவிரல் அகலத்துக்கு. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அலாரமும் கத்தும். ஒரு ஷிப்டில் நாற்பது பேர் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகிறார்கள். இருபத்திரண்டு நாள் நாற்பது பேருக்கும் கண் அவிந்து காதும் அடைத்துவிட்டதா?

மெமோவோடு போகாது. ஸ்டோர் ரூமில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் என்னைப் பார்த்து 'பைபாஸ் மேடம்' என்கிறார்கள். மாதா கோயிலில் எங்கள் ஏரியாப் பெண் ஒருத்தி, "கை போச்சாமே, உங்களாலயா?" என்று நேராகவே கேட்டாள். நான் பெரிதாக்குகிறேனா?

நிஷா

---

மாதனூர்,
8.11.2025

அக்கா,

திருப்பவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று நாள் ஆனது. மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

பூஜை அன்று மதியம் எல்லா மெஷினையும் நிறுத்திக் கழுவித் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எங்கள் செக்ஷனில் வருஷா வருஷம் பொட்டு வைப்பது செண்பகம் அக்காதான், அது அவர் உரிமை. கிண்ணத்தோடு யூபிஎஸ் முன்னால் வந்து நின்று, "எல்லா மெஷினும் ரெஸ்ட் எடுக்குது, உன் பொட்டி மட்டும் உறுமிக்கினே கீது பாரு. அதுக்கும் ஒரு நாள் லீவு குடுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சர்ச்சுக்குப் போகிறவன் பூஜைக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று எனக்கு. உடனே கைத்திருகை பைபாஸில் போட்டுவிட்டு யூபிஎஸ்ஸை நிறுத்தினேன். அவர் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, கதவின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். பெரிய மெஷினுக்குப் பெரிய பொட்டு.

அது ஆரஞ்சு விளக்கின் மேல்தான் விழுந்தது. விளக்கு அப்போது அணைந்திருந்ததால் யாருக்கும் அங்கே விளக்கு இருப்பதே தெரியவில்லை.

மூன்றாம் தேதி வந்து ஆன் செய்தேன். பச்சை எரிந்தது. வேறு எதையும் யோசிக்கவில்லை. பூஜைப் பொட்டை இங்கே யாரும் துடைக்க மாட்டார்கள், தானாக உதிரும்வரை விட்டுவிடுவார்கள். இது கெட்டிச் சந்தனம், உதிரவில்லை.

அன்று கரண்ட் போய் மெஷின் நின்றதும் செண்பகம் அக்கா ஏன் கையை உள்ளே விட்டார் தெரியுமா? நாலு வருஷமாகக் கரண்ட் போனால் அந்த மெஷின் நின்றதே இல்லை. நின்றால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். சுருண்ட தோலைச் சரிசெய்யலாம் என்று குனிந்தார். கரண்ட் வந்ததும் கத்தி தன் இடத்துக்குத் திரும்பியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் யூபிஎஸ் அறைக்குப் போனேன். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். உள்ளே ஆரஞ்சு எரிந்துகொண்டிருந்தது. ஈரத்துணியால் முழுவதையும் துடைத்துவிட்டேன். ராஜகோபால் சார் வந்து பார்த்து, "சர்வீஸ்கார பொண்ணு இப்டியே வுட்டுட்டு போய்ட்டாளா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

எனக்காக மட்டும் செய்தேன் என்று நினைக்காதே. பொட்டு விஷயம் வெளியே வந்தால் 'எச்சரிக்கை விளக்கைத் தன் கையாலேயே மறைத்தார்' என்று அவர்கள் செண்பகம் அக்கா மேல் எழுதிவிடுவார்கள். வேலை செய்யும்போது அடிபட்டதாகவே காட்ட மாட்டார்கள். விரலும் போய், பழியுமா? நீ வெளி ஆள். உனக்குக் கஷ்டம் கொஞ்சம் கம்மி என்று கணக்குப் போட்டேன்.

இன்னொன்று. அலாரம் கத்தவே இல்லை, அக்கா. இது சத்தியம். ஆயுத பூஜைக்கு முன்னாலும் அது கத்தி நான் கேட்டு ரொம்ப நாளாகிறது.

ஆல்வின்

---

வேலூர்,
10.11.2025

ஆல்வின்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். சாட்சி என்பதால் வைத்திருக்கிறேன்.

செண்பகத்தைக் காப்பாற்ற என்னைக் கொடுத்தாயாம். நல்ல கணக்கு. ஒருத்திக்கு விரல் போனது, இன்னொருத்திக்கு வேலை போகப்போகிறது, நடுவில் நீ மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு பத்திரமாக இருக்கிறாய். இதற்குப் பெயர் இரக்கமா? பொட்டு வைத்தது குற்றமில்லை. விளக்கை மறைத்தால் விபத்து வராது, மறைந்த விளக்கு எரியும்படி ஸ்விட்சை விட்டால்தான் வரும். ஸ்விட்ச் உன் பொறுப்பு. அந்த அம்மாளின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளியாதே.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அலாரம் கத்தவில்லை என்று எழுதினாயே, உன் பொய்யைப் பிடித்துவிட வேண்டும் என்று ஸ்டோர் ரூமில் பழைய சர்வீஸ் ஷீட்டுகளை எல்லாம் புரட்டினேன்.

ஜூலை மாத ஷீட்டு. பேட்டரி மாற்ற வந்த நாள். கடைசி வரியில், 'கஸ்டமர் கேட்டுக்கொண்டபடி அலாரம் சத்தம் நிறுத்தப்பட்டது.' என் கையெழுத்து.

ஞாபகம் வந்துவிட்டது. அன்று ராஜகோபால் பக்கத்து அறையிலிருந்து வந்து, "அது இன்னாம்மா கொழந்த மாதிரி கத்திக்கினே இருக்குது, ஒரே தலவலி. வாய அடைச்சுட்டு வேலய பாரு" என்றார். நானும் மியூட் செய்துவிட்டு, கிளம்பும்போது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. செப்டம்பரில் வந்தபோது பதினாறாவது வரி 'அலாரம் சரிபார்க்கப்பட்டது'. டிக் போட்டிருக்கிறேன். சரிபார்க்கவில்லை. கத்தாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து, வரிசையாக இழுத்துக்கொண்டே போய்விட்டேன்.

பதினெட்டும் சத்தியம் என்று உனக்கு எழுதினேனே, பதினேழுதான்.

நீ ஸ்விட்சைத் திருப்பாமல் விட்டாய். நான் அதன் வாயைக் கட்டி வைத்திருந்தேன். அது மட்டும் கத்தியிருந்தால் மூன்றாம் தேதியே நீ ஓடிப் போய்ப் பார்த்திருப்பாய். எனக்கு உன் மேல் இருக்கும் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. என் மேலும் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

இத்தோடு என் வாக்குமூலத்தை வைத்திருக்கிறேன். அலாரத்தை மியூட் செய்தது, கேட்டுக்கொண்டது யார், பதினாறாவது டிக் பொய், எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பிரதியை உங்கள் கம்பெனிக்கும், ஒன்றை சுந்தரமூர்த்தி சாருக்கும் கொடுத்துவிட்டேன். 14-ம் தேதி உங்கள் கம்பெனியில் நடக்கப்போகும் விசாரணையில் நீ உன்னுடையதை எழுதிக் கொடுத்து, இரண்டையும் செண்பகம் இருக்கும்போதே வாசிக்க வேண்டும். செய்யாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை. இது வீறாப்புக்கு எழுதியது இல்லை.

நிஷா

---

மாதனூர்,
15.11.2025

அக்கா,

வாசித்துவிட்டேன்.

ராஜகோபால் சார், இஷ்தியாக் பாய், நான், செண்பகம் அக்கா. கை முழுக்கக் கட்டு, கழுத்தில் தூளி மாட்டி வந்திருந்தார். முதலில் உன்னுடையதை வாசித்தேன். தலைவலி கதை வந்ததும் ராஜகோபால் சார், "அதெல்லாம் தேவையில்ல, மேல போ" என்றார். இஷ்தியாக் பாய்தான், "இல்ல சார், எழுதினத எழுதின மாதிரியே படிக்கட்டும்" என்று சொன்னார். பிறகு என்னுடையது. பொட்டு வந்த இடத்தையும் விடாமல் வாசித்தேன்.

நான் பயந்தபடியே நடந்தது. ராஜகோபால் சார் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப வெளக்க மறைச்சது இந்தம்மாவா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

செண்பகம் அக்கா எழுந்து நின்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பொட்டு நான்தான் வெச்சேன். இல்லன்னு சொல்லல. பதினோரு வருஷமா இந்த கம்பெனில கீறேன். அந்த பொட்டி வந்து நாலு வருஷம் ஆவுது. டெய்லி அத தொட்டு கும்புட்டுட்டுதான் மெஷின்ல கை வெப்பேன். அங்க கீற ஆரஞ்சு வெளக்கு எரிஞ்சா மெஷின்கிட்ட போவாதன்னு உங்கள்ல ஒருத்தராவது எனக்கு சொன்னீங்களா? தெரிஞ்சிருந்தா அது மேல வெப்பனா? எரியறத பாத்திருந்தா மொத ஆளா நான்தான் கத்தியிருப்பேன். வெரலு என்னுது சார்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்ன யாருப்பா என்ன காப்பாத்த சொன்னது? உங்கக்காவ மாட்டி வுட்டுட்டு என்ன காப்பாத்தறியா? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இஷ்தியாக் பாய் சாவியை வாங்கி யூபிஎஸ் அறையைத் திறக்க, ஈவென்ட் லாக்கைக் காட்டினேன். அக்டோபர் 1, மாலை 4.12, பைபாஸ். உன் பெயர் ரிப்போர்ட்டிலிருந்து போய்விட்டது. வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று இஷ்தியாக் பாய் உட்கார்ந்து எழுத வைத்தார். என்னை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். ராஜகோபால் சாருக்கு ஒன்றும் இல்லை, அவருக்கு மட்டும் எப்போதும் ஒன்றும் ஆவதில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போடுகிறாள்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். போன் அடி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆல்வின்

---

வேலூர்,
20.11.2025

ஆல்வின்,

எனக்கு வார்னிங் லெட்டர் கொடுத்திருக்கிறார்கள். பொய் டிக்குக்காக. வாங்கி வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி சர்வீஸ்.

போனில் பேசலாம்தான். ஆனால் இதை எழுதித்தான் சொல்ல முடியும், சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கக் கூடாது.

செண்பகம் விசாரணையில் கேட்ட கேள்வியை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். 'ஒருத்தராவது எனக்கு சொன்னீங்களா?' எவ்வளவு நியாயமான கோபம் என்று ராஜகோபாலையும் உன்னையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று பஸ்ஸில் வரும்போது திடீரென்று ஞாபகம் வந்தது.

போன வருஷம் நான் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். பக்கத்தில் குனிந்து நின்று, "இன்னாம்மா இது, பச்ச ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணு? எது எதுக்கு?" என்று கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா? எங்க வேல அது, நாங்க பாத்துக்குறோம்" என்றேன். அவர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு அது மறந்திருக்காது. அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர். என் வாக்குமூலத்தை அவர் முன்னால் வாசித்தாய். 'இவளைத்தான் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டா' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் என் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை.

ஒரு தாளில் விளக்குகளைப் பற்றிப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பச்சை எரிந்தால் என்ன, ஆரஞ்சு எரிந்தால் என்ன, அலாரம் கத்தினால் யாரைக் கூப்பிட வேண்டும், அதை ஏன் யாரும் நிறுத்தக் கூடாது. யூபிஎஸ் கதவில் ஒட்டுவதற்கு. அடுத்த பூஜைக்குப் பொட்டு வைக்கவும் ஒரு இடம் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

உன்னிடம் அனுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதனூர் வருகிறேன். நீ என்னை செண்பகத்தின் வீட்டு வாசல்வரை கூட்டிப்போய் விட்டால் போதும், உள்ளே வர வேண்டாம். அவர் போன வருஷம் கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

நிஷா